ஆள் பார்த்து அடிக்கும் மருந்து

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு கிள்ளு காய்ந்த புல் இருக்கும். எங்கே போய் நின்றாலும் முதல் காரியமாக அதில் இரண்டு துணுக்கை விரல் நுனியில் எடுப்பார். மூக்குக்கு நேராகப் பிடிப்பார். மெல்ல விரலை விரிப்பார். துணுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு தள்ளிப் போய் விழுகிறது என்று கழுத்தை ஒருக்களித்துப் பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் உதட்டைப் பிதுக்குவார். களை மருந்து அடிக்கிறவருக்குக் காற்றுதான் முதலாளி. மேலாளரெல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே புல்வெளியில் இதைச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இவர் பேருந்து நிறுத்தத்திலும் செய்வார். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் செய்வார். ஜன்னலெல்லாம் சாத்தி ஏசி ஓடுகிற வங்கியில், டோக்கனைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்வார். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது முதல்வர் அறையிலேயே செய்தார். துணுக்கு முதல்வரின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. மகள் வீடு வந்து சேரும்வரை அவருக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

துவைக்கும் முன் அந்தப் பையைத் தலைகீழாக உதறுவது மனைவியின் வேலை. "இந்த வீட்ல ஆடு வளர்க்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, நான் வேற இடம் பார்த்துக்கிறேன்" என்பாள்.

வேலையிடத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். மூன்று கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே பெரிய புல்வெளி, பின்புறம் ஊழியர்கள் சாயங்காலம் பந்து உதைக்கும் மைதானம். இங்கே பச்சையாக இருப்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் உட்கார்ந்து தேநீர் குடித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. கோப்பையோடு நடப்பார், பாதி தேநீர் வழியில் சிந்தும். யாராவது பேச்சுக் கொடுத்தால் அவர்கள் முடிப்பதற்குள் "சரி சரி" என்று தலையாட்டி நகர்ந்துவிடுவார்; பிறகு என்ன சொன்னார்கள் என்று கேட்கத் திரும்பி வருவார். புல் வெட்டும் மெஷினை ஓட்டுகிறவர் இவருக்கு நேர் எதிர். நல்ல உடம்பு, வண்டியை வளாகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டுபோவதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அவருக்குப் பெயர் நிதானம். இரண்டு பெயரையும் வைத்தது காவலாளிகள்தான். அவர்களுக்கு வேறென்ன வேலை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த தொழில் காத்திருக்கும் தொழில் என்பதுதான் வேடிக்கை. நடைபாதை ஓரத்துக்கும் வேலியடிக்கும் ஒரு மருந்து உண்டு. முன்னால் நிற்பது எதுவானாலும் அது சாய்த்துவிடும். புல்வெளிக்கு அது ஆகாது. புல்வெளிக்கு வருவது ஆள் பார்த்து அடிக்கும் மருந்து. ஒல்லி இலைக்காரனான புல்லைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, அகல இலைக்காரர்களை மட்டும் பிடிக்கும்: புளியாரை, நெருஞ்சி, மூக்கிரட்டை. கோரை இதற்கு மசியாது. அதற்குத் தனி மருந்து. அகல இலைக்காரன் சாகிற விதமும் விசித்திரம். வாடிச் சாவதில்லை, வளர்ச்சி வெறி பிடித்துச் சாகிறான். காம்பு முறுக்கிக்கொள்ளும், இலை கிண்ணம்போல் குவியும், ஒரு பக்கம் இங்கே ஓட மறு பக்கம் அங்கே ஓட, தன் வேகத்திலேயே தாறுமாறாகி முடிந்துபோகும். முதல்முறை இதை உற்றுப் பார்த்த நிதானம், "உன்னைப் பார்த்த மாதிரியே இருக்குய்யா" என்றார்.

ஆனால் அந்த முறுக்கு உடனே வராது. அடித்த மறுநாள் புல்வெளியைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். களைகள் முன்னைவிடத் தெம்பாகக்கூட நிற்கும். பம்பரத்துக்கு அந்த நாட்கள் நரகம். காலையில் வந்ததும் முழங்காலிட்டுப் பார்ப்பார். தேநீர் முடிந்ததும் பார்ப்பார். அளவு குறைந்துவிட்டதோ, தண்ணீர் கெட்டதோ, இன்னொரு முறை அடித்துவிடலாமோ என்று கை பரபரக்கும். அடித்துவிட்டால் புல்லும் சேர்ந்து கருகும் என்று தெரியும். ஆகவே தெளிப்பானைப் பம்ப் அறையில் பூட்டி, சாவியை நிதானத்திடம் கொடுத்துவிடுவார். நிதானத்திடமிருந்து எதையும் அவசரத்தில் வாங்க முடியாது; அதுதான் சௌகரியம். பிறகு ஒரு காலை, எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு மூக்கிரட்டை கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும். அன்று அவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தருவார்.

இன்னொரு விதியும் உண்டு. மருந்து அடித்த பிறகு வெட்டுகிற முதல் சில வெட்டுப் புல் எதற்கும் ஆகாது. புல் செத்திருக்காது, ஆனால் மருந்தைத் தன் உடம்பில் வைத்திருக்கும். அதைப் பம்ப் அறைக்குப் பின்னாலுள்ள குழியில் கொட்டி மூடிவிட வேண்டும். எரு அம்பாரத்தில் சேர்க்கவே கூடாது. இது பம்பரமே போட்ட சட்டம். குழிக்குப் பக்கத்தில் சிவப்பு வாளி ஒன்றைக் கவிழ்த்து அடையாளமும் வைத்திருந்தார்.

அவருடைய வீட்டு மொட்டைமாடி மனைவியின் ராஜ்யம். தையல் தொழிற்சாலையில் பல வருஷம் இருந்துவிட்டு, முதுகு ஒத்துக்கொள்ளாமல் நின்றவள். சும்மா இருந்த காலத்தில் தக்காளியும் மிளகாயும் நாற்று விட்டாள். தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். கேட்கிறவர்கள் பெருகினார்கள். அந்த வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை ஒருவர் வந்து, குழந்தைகள் ஆளுக்கொரு செடி நடப்போகிறார்கள், எல்லாமே தக்காளியாக இருக்கட்டும், நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் இரண்டு முறை மாடிக்குப் போய் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

விதை அவருடைய அக்காவிடமிருந்து வந்தது. அக்கா தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், நகரத்தின் மறு கோடியில் தனியாக இருந்தாள். புடைப்பும் மடிப்புமாகப் பூசணிபோல் இருக்கும் ஒரு தக்காளியை வருஷா வருஷம் விதையெடுத்துத் தன் சின்ன முற்றத்தில் காப்பாற்றி வந்தாள். அந்த விதையை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. தம்பி மனைவிக்குக் கொடுத்தாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டுதலாக இருந்தது மற்றவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தால் பம்பரம் மாடிக்கும் கீழுக்குமாக நடந்து கால் வலித்து உட்காரும் நிலைமை வந்துவிடும். அக்காவுக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்றைக்குக் கூட இருப்பதும், பிறகு தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொள்வதும் என் பொறுப்பு என்று மனைவி சொல்லியிருந்தாள்.

நடந்தது இதுதான். வளாகத்தில் மருந்து அடித்து அதிக நாள் ஆகவில்லை. களைகள் இன்னும் முறுக்கிக்கொள்ளக்கூட ஆரம்பிக்கவில்லை. மேலாளர் வந்து, வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், புல் கம்பளம் மாதிரி இருக்க வேண்டும், நாளைக்கே வெட்டுங்கள் என்றார். பம்பரம் முணுமுணுத்துக்கொண்டே வெட்டச் சொன்னார். வெட்டிக்கொண்டிருக்கும்போது மைதானத்துப் பக்கம் தண்ணீர்க் குழாய் வெடித்தது. அவர் அங்கே ஓடினார். பாதி வழியில் நிதானம் வண்டியை நிறுத்தி, இந்தப் புல்லை எங்கே கொட்டுவது என்று கேட்டார். குழிக்குப் போகிற வழியில்தான் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பம்பரம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்கயாச்சும் கொட்டுய்யா" என்று கத்திவிட்டு ஓடினார். சொன்னது வாயோடு போயிற்று; காதில் நிற்கவில்லை.

விடுமுறை நாள் வந்தது. மனைவி பள்ளிக்கூடத்துத் தோட்டத்தைப் பார்க்க ஆசிரியையோடு போயிருந்தாள். போகும்போது தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாடியில் வெயில் தகித்தது. காகிதக் கோப்பைகளில் நாற்றுகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் ஒரு குழந்தைக்கு. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய சூட்டிலேயே காய்ந்துபோனது. அவர் நடந்தார். உட்கார்ந்தார். மறுபடி நடந்தார். முந்தின நாள் எரு அம்பாரத்திலிருந்து ஒரு சாக்கு காய்ந்த புல் கொண்டுவந்திருந்தார். தொட்டிகளுக்கு எப்போதாவது போடலாம் என்று. அம்பாரத்தில் கெட்ட புல் சேராது, சட்டம் இருக்கிறது, அதைப் போட்டவரே அவர்தான். ஒவ்வொரு கோப்பையிலும் நாற்றைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குப் புல்லைப் பரப்பி, மேலே தண்ணீர் தெளித்தார். மண் குளிர்ந்தது. திரும்பி வந்த மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"பரவாயில்லையே" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய வார்த்தை.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை மாடியிலிருந்து அவரைக் கூப்பிட்டாள். குரலிலேயே ஏதோ இருந்தது. அவர் படியேறி, கதவைத் தாண்டும்போதே பார்த்துவிட்டார். குனிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தக்காளி நாற்றுகளின் நுனி கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. இளசு இலைகள் கிண்ணமாகக் குவிந்திருந்தன. புல்வெளியில் முழங்காலிட்டுத் தேடித் தேடி, கண்டால் தேநீர் வாங்கிக் கொடுக்கிற அதே முறுக்கு, அவர் மனைவியின் கோப்பைகளில், வரிசை வரிசையாக.

"என்னங்க இது?"

"வெயிலா இருக்கும்" என்றது அவருடைய வாய்.

அன்று அவர் வேலைக்கு நடந்தே போனார். ஸ்கூட்டரை எடுக்க மறந்துவிட்டார்.

வெயிலாக இருக்கும் என்று அவள் நிழல்வலை கட்டினாள். பிறகு தண்ணீரை மாற்றிப் பார்த்தாள். பிறகு உரக்கடைக்காரரிடம் போய்ப் படத்தைக் காட்டினாள். உரக்கடைக்காரர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது விதையிலிருந்தே வருகிற நோய், விதை கொடுத்தவரிடம் கேளுங்கள் என்றார். தெரியாது என்று சொல்கிற பழக்கம் அந்தக் கடையில் கிடையாது.

அன்று மாலை சமையலறையில் அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். மாவுக் கையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினாள். பம்பரம் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, எதுவும் எடுக்காமல் மூடினார். மறுபடி திறந்தார். நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அன்று அந்த அண்ணி கொஞ்சம் இறுகி வந்தது. முதலில் நயமாகத்தான் ஆரம்பித்தாள். அக்கா சிரித்துக்கொண்டே, இத்தனை வருஷமாக நான் இந்தத் தக்காளியைத்தான் தின்கிறேன், எனக்கு ஒரு சுருக்கமும் விழவில்லையே என்றாள். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் சொல்வது என்றாள். உரக்கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள். அக்காவின் குரலில் சிரிப்பு வற்றியது. நான் கெட்ட விதையைக் கொடுப்பேனா என்று கேட்டாள். வேண்டுமென்று கொடுத்ததாக யார் சொன்னது என்று இவள் கேட்டாள். பேச்சு ஏறிக்கொண்டே போனது. ஃபிரிட்ஜ் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, திறக்காமலே திரும்ப உள்ளே வைத்தார்.

"விதையைப் பார்த்து எடுத்திருக்கலாம்ல அண்ணி. கண்ணு சரியாத் தெரியலன்னா சொல்லியிருக்கலாம்."

அக்கா வீட்டில் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"சரிம்மா. கண்ணு தெரியாதவளுக்குத் துணைக்கு நீ ஒண்ணும் சிரமப்பட்டு வர வேண்டாம். நானே போயிட்டு நானே வந்துக்கிறேன்."

மனைவி மாவுக் கையோடு நின்றாள். பிறகு அவரைப் பார்த்து, அந்தக் கதவை மூடித் தொலையுங்கள் என்றாள்.

ஒருவேளை அது தானில்லையோ என்று நினைக்க ஒரு சின்ன இடம் இருந்தது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நிதானத்திடம் போனார். நிதானம் மரத்தடியில் மெஷினின் கத்தியைக் கழற்றித் தீட்டிக்கொண்டிருந்தார். அன்று வெட்டிய புல்லைக் குழியில்தானே கொட்டினாய் என்று பம்பரம் கேட்டார். நிதானம் கத்தியின் ஒரு முனையை முடித்து, மறு முனைக்குத் திருப்பி, அதன் பிறகுதான் நிமிர்ந்தார்.

"எங்கயாச்சும் கொட்டுன்னு நீதானய்யா சொன்ன. அம்பாரம்தான் பக்கம்."

"சட்டம் தெரியும்ல உனக்கு?"

"தெரியும். அதனாலதான் கேட்டேன். கேட்டதுக்குத்தான் நீ அப்படிச் சொன்ன."

அப்போதும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. அம்பாரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து அள்ளினோம் என்பது யாருக்குத் தெரியும். புல்வெளிக்காரர்களுக்கு ஒரு சோதனை உண்டு: சந்தேகப்பட்ட எருவில் அவரை விதையை ஊன்றி முளைக்கவிடுவது. அவரைச் செடி பொய் சொல்லாது. எருவில் துளி மருந்து இருந்தாலும் முளையிலேயே சுருண்டு காட்டிவிடும். சாக்கின் அடியில் மிச்சமிருந்த புல்லை மண்ணோடு கலந்து ஒரு கோப்பையில் போட்டார். நல்ல மண் மட்டும் இன்னொன்றில். இரண்டிலும் அவரை விதையை ஊன்றிப் பம்ப் அறை ஜன்னலில் வைத்தார்.

அந்த நாட்களில் பம்பரத்தைப் பார்த்தவர்கள், ஆளுக்குக் காய்ச்சலோ என்று கேட்டார்கள். நேற்று முளைக்காத விதை இன்று காலை முளைத்திருக்குமா என்று ஸ்கூட்டரை நிறுத்தாமலே எட்டிப் பார்ப்பார். மண்ணைக் கிளறி விதையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி புதைப்பார். நிதானம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அதை முளைக்கவாவது விடு, இல்லாவிட்டால் அது செத்ததற்கும் நீயே பதில் சொல்ல வேண்டிவரும் என்றார். வீட்டில் அதைவிட மோசம். மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆசிரியை நல்லவர், பரவாயில்லை, வேறு நர்சரியில் பூச்செடி வாங்கிக்கொள்கிறோம் என்றார். அந்தப் பரவாயில்லைதான் அவளுக்குத் தாங்கவில்லை. மகள் தன் பங்குக்கு அத்தையிடம் பேசிப் பார்த்தாள். அத்தை கல்லூரியைப் பற்றி விசாரித்தாள், பரீட்சையைப் பற்றி விசாரித்தாள், அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபரேஷன் நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. அக்கா பக்கத்து வீட்டுக்காரரின் காரில் போய் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. கண்ணில் கட்டோடு திரும்பி வரும்போது கதவைத் திறந்துவிட யாரும் இல்லை. அக்கா அந்த இருட்டு வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது அவர் கண்முன்னால் வந்து வந்து போனது. அதைப் பார்க்காமலிருக்க அவர் இன்னும் வேகமாக நடந்தார். வளாகம் போதவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம், நல்ல மண்ணில் அவரைச் செடி இரண்டு இலையை நேராக விரித்து நின்றது. புல் கலந்த மண்ணில் முளைத்தது, தலையைக் குனிந்து, காதைத் திருகினதுபோல் நின்றது.

அவர் யாரிடமும் சொல்லாமல் சீருடையோடு வீட்டுக்கு வந்தார். மாடியில் மனைவி காய்ந்த கோப்பைகளுக்கு நடுவே முக்காலியில் இருந்தாள். அவர் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்தபடியே ஆரம்பித்தார். குழாய் வெடித்தது, மேலாளர், பெரிய மனிதர்கள், அம்பாரம் என்று எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது.

"உட்காருங்க" என்றாள்.

"இல்ல, சொல்லிடறேன்."

"உட்கார்ந்து சொல்லுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். தரை சுட்டது, எழுந்திருக்கவில்லை. "அந்தப் புல்லுல மருந்து இருந்திருக்கு. நான் போட்ட புல்லு. அக்கா விதை நல்ல விதைதான்."

அவள் ஒரு கோப்பையை எடுத்து அதிலிருந்த புல்லை விரலால் விலக்கிப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

பம்ப் அறை ஜன்னலைச் சொல்லலாம். இன்று மதியம்தான் என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல. அவர் கால் விரல்கள் காலணிக்குள் அசைந்துகொண்டேயிருந்தன.

"பார்த்த அன்னைக்கே."

"அப்போ நான் அண்ணிகிட்ட பேசும்போது நீங்க பக்கத்துல நின்னுட்டிருந்தீங்க."

"ஆமா."

அவள் எழுந்து, கீழே போய் ஒரு சாக்கு கொண்டுவந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாக அதில் கவிழ்த்தாள். மண்ணும் புல்லும் முறுக்கிய செடியும் ஒன்றாக விழுந்தன. அவர் உதவிக்குக் கை நீட்டியபோது சாக்கை இழுத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்த பிறகு சாக்கின் வாயைக் கட்டி அவர் முன்னால் வைத்தாள்.

"இதை எங்க கொட்டணும்? அதையாவது சரியாச் சொல்லுங்க."

அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, குழிக்கு, சிவப்பு வாளிக்குப் பக்கத்தில், என்று பாடம் ஒப்பிக்கிறவர்போல் சொன்னார். அவர் படியிறங்கும்போது அவள் முகம் கழுவி, தலையை வாரி, மாற்றுத் துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் நானும் வருகிறேன், நானே சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றாள். நீங்கள் வந்தால் அங்கேயும் நடப்பீர்கள், அண்ணிக்கு ரத்த அழுத்தம் ஏறினால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்றாள். பேருந்தைப் பிடிக்க அவள் போன வேகத்தைக் காவலாளிகள் பார்த்திருந்தால் பம்பரம் என்ற பெயரை அவளுக்கே மாற்றியிருப்பார்கள்.

மறுநாள் அவர் மருத்துவமனைக்குப் போனபோது அக்காவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மனைவி வெளியே பெஞ்சில், அக்காவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவர் வராந்தாவின் நீளத்தை அளந்தார். நர்ஸ் ஒருவர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். மூன்றாவது முறை, ஐயா உங்களுக்கும் சேர்த்து ஒரு ஊசி போடவா என்று கேட்டார். அவர் போய் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். முட்டி தன்பாட்டுக்கு ஆடியது. அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, செருப்பில் ஒன்றை எடுத்து அந்த முட்டியின்மேல் வைத்தாள். அது விழாமலிருக்க அவர் ஆட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று.

அக்கா ஒரு கண்ணில் கட்டோடு வந்தாள். மறு கண்ணால் தம்பியைத் தேடிப் பிடித்தாள். இளைத்துவிட்டாயே, சாப்பிடுகிறாயா இல்லையா, சட்டை ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது என்று வழக்கமான விசாரணை நடந்தது. அவர் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து ஆரம்பித்தார்.

"அக்கா, அந்த விதை விஷயம்..."

"அதை விடுடா. அவதான் நேத்தே வந்து எல்லாம் சொல்லிட்டாளே. மனுஷின்னா தப்பு நடக்கத்தான் செய்யும்."

கை நீட்டித் தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். பம்பரத்துக்கு நம்பிக்கையே வரவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது இவ்வளவு சுலபமாகத் தீருமா என்று, லிஃப்ட் வரும்வரை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எப்போதுமே பெரிய மனசுக்காரி என்று அன்று காவலாளிகளிடம்கூடச் சொன்னார். அக்கா அவர்கள் வீட்டில் கண் ஆறும்வரை தங்கினாள். மனைவி அவரிடம் வெகு நாள் வரைக்கும் தேவைக்கு மட்டுமே பேசினாள்; அவரும் அதைத் தனக்குரிய தண்டனையாக எடுத்துக்கொண்டார். அடுத்த பருவத்துக்கு அக்கா முற்றத்திலிருந்து மறுபடி விதை வந்தது.

அன்று மனைவி என்ன சொன்னாள் என்பது வெளியே வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவும் தற்செயலாக. அத்தை வீட்டுக்குப் போன மகள் ஏதோ ஒரு விஷயத்தில் அடம் பிடிக்க, அத்தை அவளுக்குப் புத்தி சொன்னாள்: அம்மா மாதிரி பிடிவாதம் பிடிக்காதே, அந்தப் புல்லில் மருந்து இருக்கும், செடிக்குப் போடாதே என்று உங்கப்பா எவ்வளவோ தடுத்திருக்கிறார், கேட்காமல் நானே அள்ளிப் போட்டேன் என்று உங்கம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.